சார்மத் கடற்கரையில் கடல் ஊர்வன தேடல்: மாநாட்டுக்குப் போகிறவர்கள் என்னென்ன தெரிந்துகொண்டு போகணும்?

நெய்தல்நிலா
எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில், கடல் ஊர்வன பற்றிய ஒரு பொது மாநாட்டுக்கு நாங்கள் நாலைந்து பேர் பதிந்திருக்கிறோம். இரண்டு நாள் அரங்கில் உரைகள், மூன்றாம் நாள் டார்செட் மாவட்டத்துச் சார்மத் கடற்கரையில் வழிகாட்டியோடு புதைபடிவத் தேடல். எங்களில் யாரும் புவியியல் படித்தவர்கள் இல்லை. சுத்தியல் வாங்கணுமா? எலும்பையும் கல்லையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கிடைத்ததை எடுத்துவரலாமா, எடுத்துவந்தால் என்ன செய்யணும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

கல்லடுக்கு
சுத்தியலைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்குங்க. சார்மத்தில் மணலிலும் சரளையிலும் கிடக்கிற கறுப்புத் துண்டுகளில் பெரும்பாலானது எலும்பு இல்லை. லென்ஸ் இல்லாமல் போனால் பை நிறையக் கல்லோடுதான் திரும்புவீங்க.

எலும்பாக இருந்தால், உடைந்த பக்கத்தில் நுண்துளைகள் தெரியும். வெளிப்புறம் நெருக்கமாக, வழுவழுப்பாக இருக்கும். உள்ளே போகப் போகத் துளைகள் பெரிசாகும். நிறம் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. ஏமாற்றுகிற பொருட்கள் முக்கியமாக மூன்று. ஒன்று, கறுத்துப்போன புதைமரம். அதில் இழைகள் நீளவாக்கில் ஒரே சீராக ஓடும், துளை இருக்காது. இரண்டாவது, உள்ளூர்க்காரர்கள் 'பீஃப்' என்று சொல்கிற நார்நாரான கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம். குறுக்கே உடைந்தால் அசல் எலும்பு மாதிரியே ஏமாற்றும், ஆனால் நார்கள் எல்லாம் அடுக்குக்குச் செங்குத்தாக நிற்கும். மூன்றாவது, பக்கத்து ஊரான லைம் ரீஜிஸுக்கும் சார்மத்துக்கும் நடுவே, ஸ்பிட்டில்ஸ் பக்கம் ஒரு பழைய குப்பைமேடு சரிந்து கடலில் விழுந்திருக்கிறது. துருப்பிடித்த இரும்பு, கசடு, பழைய கண்ணாடி எல்லாம் அங்கிருந்து வருகிறது. கையை வெட்டும், கையுறை போடுங்க.

அதிகம் கிடைக்கக்கூடிய ஊர்வன எலும்பு, பார்க்க மீன் மாதிரி இருந்த இக்தியோசாரின் முதுகெலும்புதான். கேரம் காயை எடுத்து இரண்டு பக்கமும் நடுவில் குழித்துவிட்டால் எப்படி இருக்குமோ, அதே வடிவம். குறுக்களவு பெரும்பாலும் 2 முதல் 5 செ.மீ. பத்து செ.மீ. தாண்டினால் டெம்னோடான்டோசாரஸ் போன்ற பெரிய விலங்காக இருக்கலாம். கையில் எடுத்ததும் பக்கவாட்டைப் பாருங்க. விலா எலும்பு பொருந்துகிற மேடு ஒரு பக்கத்துக்கு இரண்டு இருந்தால் அது உடற்பகுதி, ஒன்றே ஒன்று இருந்தால் வால். ஒற்றை எலும்பிலேயே உடம்பின் எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம்.

நான்கு துடுப்புகள் கொண்ட பிளீசியோசாரின் முதுகெலும்பு வேறு மாதிரி. தடிமன் அதிகம், இரு முகங்களும் ஏறக்குறைய தட்டை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அந்த இரண்டு துளை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது சுத்தியல். பாறைமுகத்தில் தட்டவே கூடாது. கீழே விழுந்து கிடக்கிற சுண்ணாம்பு முண்டுகளை உடைக்க மட்டும்தான் அது. வாங்குவதானால் புவியியல் சுத்தியல் வாங்குங்க. தச்சுச் சுத்தியலின் முகம் ஆணி அடிக்கச் செய்தது. கல்லில் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். கண்ணாடி போடாமல் ஒரு அடிகூட அடிக்க வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் குழுவுக்கு ஒரு சுத்தியல் வைத்துக்கொண்டால் தாராளம்.

யாழ்கரை
நிலா, கல்லடுக்கு அண்ணை எலும்பைச் சொல்லிப்போட்டார், நான் கடலைச் சொல்லுறன். அங்கை ஆபத்து எண்டால் ரெண்டுதான்: கடல் ஏறுறது, பாறை விழுறது.

லைம் விரிகுடாவிலை அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளிலை ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலை மூன்றரை மீட்டருக்கு மேலை வித்தியாசம் இருக்கும். இடைப்பட்ட நாளிலை ஒன்றரை மீட்டர் அளவுதான். பெரிய வற்றம் அங்கை நண்பகலை ஒட்டி வரும், அதாலை அந்த நாளுகள் தேடலுக்கு வசதி. வற்றத்துக்கு ரெண்டரை மணித்தியாலம் முந்தி இறங்குங்கோ. கடல் திரும்பினதும் நீங்களும் திரும்புங்கோ.

ஒரு விசயத்திலை கனபேர் பிழை விடுறவை. அச்சடிச்ச ஓத அட்டவணை சிலது கிரீன்விச் நேரத்திலை இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறிலை இருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோடைநேரம், ஒரு மணித்தியாலம் கூட்டவேணும். கூட்டினதோ கூட்டாததோ எண்டு அட்டவணையின்ரை மேல் விளிம்பிலை சின்ன எழுத்திலை போட்டிருப்பினம். அதை வாசிக்காமல், ஏற்கனவே கூட்டின நேரத்துக்கு இன்னொருக்கால் கூட்டினால் கடல் ஏறத் துவங்கின பிறகுதான் திரும்ப வெளிக்கிடுவியள். பிளாக் வென் எண்ட கடலோர மலையின்ரை அடியிலை நடந்து லைமுக்கும் சார்மத்துக்கும் இடையிலை போறவைக்கு இது உயிர்ப் பிரச்சினை. நடுவிலை ஏறிப்போக வழி இல்லை.

மலை அடிவாரத்திலை நிக்காதேங்கோ. அது முழுக்கக் களியும் சேறும். மழைக்குப் பிறகு மேலையிருந்து சேறு வழிஞ்சு வந்து மேற்பரப்பு காய்ஞ்ச மாதிரிக் கிடக்கும், கால் வைச்சால் முழங்கால் வரை இறங்கும். நல்ல பொருள் எல்லாம் கடல் கழுவிப்போட்ட சரளையுக்கைதான் கிடக்கும், அதாலை தண்ணிப் பக்கமா நடந்தாலே போதும்.

நெய்தல்நிலா
மிக்க நன்றி இருவருக்கும். யாழ்கரை அண்ணா, நேர விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கிடைத்ததை எடுத்துவருவது சட்டப்படி சரியா?

கல்லடுக்கு
லைம் ரீஜிஸிலிருந்து பர்ட்டன் பிராட்ஸ்டாக் வரைக்கும் மேற்கு டார்செட் புதைபடிவ நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கு. சுருக்கமாகச் சொன்னால், கரையில் தளர்ந்து கிடப்பதை எடுக்கலாம். பாறைக்குள் இருப்பதை நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது. அங்கே நிறைய நிலம் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்புக்குச் சொந்தம். அறிவியல் முக்கியத்துவம் உள்ளது கிடைத்தால் சார்மத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டரில் பதிவு செய்யணும். மிக முக்கியமான வகையை விற்பதானால், முதல் ஆறு மாதம் அருங்காட்சியகங்களுக்குத்தான் வாய்ப்பு.

இந்த ஏற்பாடு அங்கே செல்லுபடியாவதற்குக் காரணம் கடல். ஒவ்வொரு குளிர்காலமும் புயல் பாறையைத் தின்கிறது. யாரும் எடுக்காவிட்டால் அந்த எலும்பு சில வாரத்தில் சரளையோடு அரைந்து காணாமல் போகும். அதனால் எடுக்கவிட்டு, பதிவு செய்யச் சொல்கிறார்கள். எனக்கு இது மிகச் சரியான முடிவாகவே படுகிறது.

ஆனால் கரை முழுக்க ஒரே விதி என்று நினைத்துவிடாதீங்க. லைமுக்கு மேற்கே மான்மத் கடற்கரையில் பெரிய அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்கள்) பதிந்த பாறைத்தளம் இருக்கு, அதில் கை வைக்கக்கூடாது; பார்க்கலாம், படமெடுக்கலாம். கிழக்கே கிம்மெரிட்ஜிலும் சுத்தியலுக்கு இடமில்லை. அங்கே பாறைமுகத்திலிருந்து கயிற்றில் தொங்கி வெட்டியெடுத்த, சுமார் 2 மீட்டர் நீள பிளையோசார் (குட்டைக் கழுத்துப் பிளீசியோசார்) மண்டையோட்டை அதே ஊர் அருங்காட்சியகமான எட்செஸ் கலெக்‌ஷனில் போய்ப் பாருங்க.

எலும்புப்பட்டறை
எல்லோரும் எடுப்பதைப் பற்றியே சொல்றீங்க. எடுத்த பிறகு வீட்டில் வைத்து அழிக்கிறதுதான் அதிகம் நடக்குது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம்: ஒட்டியிருக்கிற களிமண்ணைச் சுரண்டாதீங்க. கரையில் தளர்ந்து கிடந்த எலும்புக்கு எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்ற தகவல் தொலைந்துபோயிருக்கும். அதைத் திரும்பக் கண்டுபிடிக்கிற ஒரே தடயம் அந்த ஒட்டுமண்தான். அதில் ஒரு சின்ன அம்மோனைட் துணுக்கு இருந்தாலே எந்தக் காலத்து அடுக்கு என்று சொல்லிவிடுவார்கள். சார்மத், லைம் அடுக்குகளை அம்மோனைட்டை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். லாங் என்பவர் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அடுக்கு அடுக்காக எண் கொடுத்துவிட்டார், இன்றைக்கும் அந்த எண்ணைத்தான் ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எலும்பைப் பளபளவென்று கழுவிக் கொண்டுபோய் மாநாட்டில் காட்டினால், 'அழகாக இருக்கிறது' என்று மட்டும்தான் அவர்களால் சொல்ல முடியும்.

எடுக்கும் முன் கிடந்த நிலையில் இரண்டு படம்: ஒன்று அளவுகோலோடு கிட்டத்தில், இன்னொன்று பின்னால் பாறைமுகம் தெரிகிற மாதிரி தூரத்தில். போனில் இடக்குறியீட்டைச் சேமியுங்க. பைக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டு போடுங்க: தேதி, இடம், சேற்றில் இருந்ததா சரளையில் இருந்ததா. பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். பக்கத்தில் துண்டுகள் கிடந்தால் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்க.

அடுத்து உப்பு. கடல்நீர் ஊறிய எலும்பு அப்படியே காய்ந்தால், உள்ளே உப்பு படிகமாகி விரிந்து எலும்பைப் பிளக்கும். அதனால் காயவிடாமல் ஈரத் தாளில் சுற்றிக் கொண்டுவாங்க. வீட்டில் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்க. முதல் வாரம் தினமும் தண்ணீர் மாற்றணும், பிறகு வாரம் ஒருமுறை. உள்ளங்கை அளவு துண்டுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். முடிந்ததா என்று பார்க்க, கடைசித் தடவை அயனி நீக்கிய தண்ணீரில் ஒருநாள் வைத்து அதில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுங்க. வெண்மையாகக் கலங்கினால் இன்னும் உப்பு இருக்கு. குழாய்த் தண்ணீரில் இந்தச் சோதனை செல்லாது. குழாய் நீரிலேயே குளோரைடு உண்டு.

பிறகு நிழலில் மெதுவாக உலர்த்தணும். வெயிலும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம்.

உலர்ந்த பின் எலும்பு உதிர்கிற மாதிரி இருந்தால் பாராலாய்டு பி-72 என்ற பிசின். அது மணிமணியாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் அசிட்டோனுக்கு 50 கிராம், அதாவது 5%. மணிகளை மெல்லிய துணியில் கட்டி, மூடிபோட்ட கண்ணாடிச் சாடியில் தொங்கவிட்டால் ஒரே இரவில் கரையும். சும்மா கொட்டினால் அடியில் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தெர்மோகோல் கப்பில் ஊற்றினால் கப்பே கரைந்துவிடும். தூரிகையால் சொட்டுச் சொட்டாகக் கொடுங்க, எலும்பு குடிக்கிறவரைக்கும் போதும். ஈரம் இருக்கும்போது பூசினால் மேலே வெள்ளையாகப் பூக்கும். ஜன்னல் திறந்து வைக்கணும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. உடனடி ஒட்டுப்பசையைத் தொடாதீங்க. பிற்பாடு பிரித்துச் சரியாகப் பொருத்தணும் என்றால் பாராலாய்டை அசிட்டோன் தொட்டுக் கழற்றிவிடலாம், உடனடிப் பசையைக் கழற்றுவது பெரும்பாடு.

கல்லடுக்கு
ஒரு இடத்தில் மறுக்கிறேன், பட்டறை. எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஊறப்போடச் சொல்வது ஆபத்து. சார்மத்தின் பொன்னிற அம்மோனைட்டுகள் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். அவற்றை ஈரத்தில் விட்டால் அங்கேயே கெடத் தொடங்கும். எலும்புக்குள்ளும் பைரைட் இருக்கலாம். மெல்லிய தாள்தாளான களிப்பாறையில் நசுங்கிய எலும்பு இருந்தால், தண்ணீரில் போட்ட சில மணி நேரத்தில் பாறை கஞ்சியாகிவிடும். எலும்பு துண்டுதுண்டாக அடியில் கிடக்கும்.

எலும்புப்பட்டறை
சரியான மறுப்பு, நான் பிரித்துச் சொல்லியிருக்கணும். மாதக்கணக்கில் ஊறல் என்பது தனித்துக் கிடைக்கிற கெட்டியான எலும்புக்கும், சுண்ணாம்பு முண்டில் இருக்கிற எலும்புக்கும். பைரைட் அம்மோனைட்டை நல்ல தண்ணீரில் அலசி, அதிகம் போனால் ஓரிரு நாள் வைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடிவிடணும். களிப்பாறைப் பலகையைத் தண்ணீரில் போடவே வேண்டாம். ஈரத்தாள், மேலே பிளாஸ்டிக் உறை, அடியில் ஒரு அட்டைப் பலகை, அப்படியே புதைபடிவங்களைச் சுத்தம்செய்து தயார்செய்கிற நிபுணரிடம் கொடுத்துவிடுங்க.

பைரைட் நோய் வந்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம். வெள்ளையாக அல்லது மஞ்சளாகப் பொடி பூக்கும், கந்தக நெடி வரும், கூட வைத்த சீட்டும் அட்டைப்பெட்டியும் பழுப்பாகிப் பொடியும். உண்டாகிற கந்தக அமிலம்தான் காகிதத்தைத் தின்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் பிடிக்கும், 50-க்குக் கீழே வைத்திருந்தால் நல்லது. லண்டனில் ஹீட்டர் போட்ட அறையில் பல வருஷம் தாங்குகிற அம்மோனைட்டைச் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் வைத்தால் சீக்கிரமே உப்பிப் பிளந்துவிடும். கடலோர ஊருக்குப் பரிசாகக் கொடுப்பதானால் கால்சைட்டில் உருவான அம்மோனைட்டைத் தேர்ந்தெடுங்க.

அரங்குவாசி
களத்தைப் பற்றி நிறைய வந்துவிட்டது. முதல் இரண்டு நாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

உரைகள் பெரும்பாலும் பதினைந்து நிமிடம், கேள்விக்கு ஐந்து நிமிடம். சுருக்கக் குறிப்பு நூலை முன்கூட்டியே வாங்கி, கலைச்சொல்லைப் படிப்பதற்குப் பதில் அடுக்குகளின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்க: புளூ லயாஸ், அதன்மேல் சார்மத் மட்ஸ்டோன், அதற்குள்ளேயே ஷேல்ஸ்-வித்-பீஃப், பிளாக் வென் மார்ல்ஸ், பெலம்னைட் மார்ல்ஸ், கிரீன் அம்மோனைட். கீழிருந்து மேல் இதுதான் வரிசை, எல்லாம் ஏறக்குறைய 20 கோடியிலிருந்து 19 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. இந்த வரிசை மனதில் இருந்தால், 'இந்த இனம் இங்கே வருகிறது, அங்கே இல்லை' என்று பேச்சாளர் சொல்வதெல்லாம் மூன்றாம் நாள் கண்முன்னால் பாறையில் தெரியும்.

அது எதற்கு முக்கியம் என்பதற்கு ஸிஃபோட்ராகன் நல்ல உதாரணம். கோல்டன் கேப் என்ற டார்செட் கடலோரக் குன்றின் அருகே 2001-இல் கிடைத்த, சுமார் 3 மீட்டர் நீள இக்தியோசார் அது. 2025-இல்தான் புதுப் பேரினம் என்று விவரித்தார்கள். அது வாழ்ந்த பிளீன்ஸ்பாக்கியன் காலத்து (சுமார் 19 கோடி ஆண்டுக்கு முந்தைய) இக்தியோசார்கள் கிடைத்தது மிகக் குறைவு. அந்தக் காலத்தை ஒட்டிப் பழைய இனங்கள் போய்ப் புது இனங்கள் வந்திருக்கின்றன. அந்த மாற்றம் எப்போது நடந்தது என்ற கேள்விக்கு இந்த ஒரு எலும்புக்கூடு பதில் சொல்ல உதவுகிறது. எந்த அடுக்கு என்று தெரியாமல் இருந்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது.

திரையில் காட்டுவதைப் படமெடுக்கும் முன் கேளுங்க. வெளிவராத மாதிரிகளைக் காட்டும்போது கேமராவுக்குக் குறுக்குக்கோடு போட்ட குறி வைப்பார்கள். அந்தப் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டால், பல வருஷ உழைப்பு கட்டுரையாகும் முன்பே வெளியே போய்விடும். ஒருமுறை அப்படி நடந்தால், பொதுமக்கள் வருகிற கூட்டத்தில் புதியதைக் காட்டவே ஆய்வாளர்கள் தயங்குவார்கள்.

கையிலிருப்பதை அடையாளம் காட்டுகிற மேசை இருந்தால், சீட்டோடும் களப்படத்தோடும் கொண்டுபோங்க. பொதுமக்கள் கண்டெடுத்ததால் என்ன ஆகிவிடப்போகிறது என்று யோசிக்க வேண்டாம். சாமர்செட் கரையில் 2016-இல் லில்ஸ்டாக்கில் ஒரு சேகரிப்பாளர் ராட்சதத் தாடை எலும்பின் துண்டுகளைக் கண்டெடுத்தார். 2020-இல் அதே கரையின் இன்னொரு இடத்தில் 11 வயதுச் சிறுமியும் அவள் தந்தையும் அதே எலும்பின் இன்னொரு மாதிரியைக் கண்டார்கள். ஒன்றாக வைத்துப் பார்த்ததால்தான் 2024-இல் இக்தியோடைட்டன் என்று பெயர் வந்தது. நீளம் சுமார் 25 மீட்டர் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இருவர் தரப்பிலும் கண்ட இடத்தின் குறிப்பு சுத்தமாக இருந்தது.

காரைக்காடு
இந்த இழையைப் பெரம்பலூர் பக்கத்திலிருந்து படிக்கிறேன். இக்தியோசார் என்றால் நமக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. திருச்சிராப்பள்ளிச் சுண்ணக்காலப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்புகளை வைத்து 1879-இல் லிடெக்கர் என்ற ஆய்வாளர் இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்தார். காரை, கொளக்காநத்தம் பக்கத்துக் களிமண் ஓடைகள் அந்தப் பாறைகளின் உத்தட்டூர் தொகுதியைச் சேர்ந்தவை, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு. லைம் ரீஜிஸின் இக்தியோசார்கள் அந்த வம்சம் தோன்றிச் சுமார் ஐந்து கோடி ஆண்டுக்குப் பிறகு வாழ்ந்தவை என்றால், காரையில் இருப்பவை அது அற்றுப்போவதற்குக் கொஞ்சம் முந்தியவை.

களத்தில் ஒரு ஒற்றுமை. டார்செட்டில் 'பீஃப்' ஏமாற்றுகிற மாதிரி காரையில் நார் ஜிப்சம் ஏமாற்றும். களிமண் வெடிப்பெல்லாம் அதுதான். நகத்தால் கீறினாலே ஜிப்சத்தில் கோடு விழும். எலும்பில் விழாது, கால்சைட்டிலும் விழாது. இங்கே கடல் கழுவித் தருவதில்லை, வடகிழக்குப் பருவமழை கழுவித் தருகிறது. அதனால் ஜனவரிதான் நல்ல மாதம். ஓடைச் சரிவில் கிடக்கிற, தோட்டா வடிவப் பெலம்னைட் புதைபடிவங்களுக்கு நடுவே, பாஸ்பேட் முண்டுகளையும் கறுப்பாகப் பளபளக்கிற சுறாப் பற்களையும் பாருங்க.

ஆனால் சார்மத் விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கெடுதல்தான். அங்கே எடுக்காவிட்டால் கடல் அரைக்கும். இங்கே அரிப்பு அவ்வளவு வேகம் இல்லை, பஸ் பஸ்ஸாக மாணவர்கள் வந்து அள்ளிப்போனதில் மேற்பரப்பே வெறுமையான இடங்கள் உண்டு. எலும்பு கண்டால் படமும் இடக்குறியீடும் எடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ சொல்லுங்க. பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கு.

எலும்புப்பட்டறை
காரைக்காடு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜிப்சக் களிமண்ணில் கிடைத்த எலும்பிலும் உப்பு உண்டு, ஆனால் ஜிப்சம் தண்ணீரில் மிக மெதுவாகத்தான் கரையும். சார்மத் எலும்புக்குச் சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. விரிசலுக்குள் ஜிப்சம்தான் துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும், அது கரைந்தால் எலும்பு சிதறும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, பாராலாய்டு கொடுத்து, அப்படியே வையுங்க.

நெய்தல்நிலா
இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. காரைக்காடு ஐயா, திருச்சி இக்தியோசார் விஷயம் முற்றிலும் புதிது. கடைசியாக இரண்டு கேள்வி. எங்களோடு எட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள், எந்தப் பக்கம் நல்லது? காலுக்கு என்ன போடணும்? லண்டனிலிருந்து ரயிலில்தான் வருகிறோம்.

யாழ்கரை
வாட்டர்லூவிலை ஏறி ஆக்ஸ்மின்ஸ்டரிலை இறங்குங்கோ, அங்கையிருந்து லைமுக்கும் சார்மத்துக்கும் பஸ் இருக்கு. பிள்ளையளோடை எண்டால் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டருக்கு முன்னாலை கிழக்குப் பக்கமா, ஸ்டோன்பாரோ பக்கக் கரை. ஆற்று வாயிலை இருந்து சில நூறு மீட்டருக்குள்ளை தேடினாலே பெலம்னைட்டும் சின்ன அம்மோனைட்டும் கிடைக்கும். லைமுக்கு நடந்துபோற திட்டத்தைப் பிள்ளையளோடை வைக்காதேங்கோ.

கணுக்காலைப் பிடிக்கிற நடைச்சப்பாத்து நல்லம். ரப்பர் பூட்ஸ் சேற்றுக்கை புதைஞ்சால் கால் வெளியிலை வரும், பூட்ஸ் உள்ளுக்கை நிக்கும். பிள்ளையளுக்கு மாற்றுக் காலுறை ரெண்டு சோடி, காத்துக்கு ஒரு மழைச்சட்டை. வெளிக்கிட முதல் சென்டருக்குள்ளை போய் அண்டைக்குப் பாறைச் சரிவு ஏதும் இருக்கோ எண்டு கேளுங்கோ. திரும்பி வரேக்கை கிடைச்சதைக் காட்டினால் பார்த்துச் சொல்லுவினம்.

கல்லடுக்கு
பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்க: குந்தி உட்கார்ந்து ஒரு சதுர மீட்டர் சரளையை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்க. நடந்துகொண்டே தேடுகிற பெரியவர்கள் கண்ணில் படாத இரண்டு செ.மீ. முதுகெலும்பு அப்படித்தான் கிடைக்கும்.